லாரிக் கைப்பிடி வைத்த லேத்

“மாஸ்டர், இந்த லாரி எங்க போகுது?” என்று எதிர்ப் பட்டறையிலிருந்து வெல்டர் பாஃபோ கத்தினார்.

“அக்ராவுக்கு. முன் சீட்டு காலியா இருக்கு, ஓடிவந்து ஏறிக்கோ,” என்றார் என் கணவர் என்சியா, நிமிர்ந்து பார்க்காமலே.

“உன் லாரியில ஏறினா, நடந்து போறவன் எனக்கு முன்னாடி போய்க் குளிச்சு சாப்பிட்டு இருப்பான்.”

லாரிப் பட்டறைகள் நிறைந்த மேகசின் பேட்டையில் எங்கள் வரிசைக்கே இந்தக் கேலி மனப்பாடம். என் கணவர் லேத்தின் பின்பக்கம் நின்று, பழைய லாரி ஒன்றின் ஸ்டார்ட்டிங் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். மரப்பெட்டி லாரிகளை முன்னால் நின்று சுற்றி எழுப்புவார்களே, அந்தக் கைப்பிடி. அதன் முனையைக் கடைந்து, லேத்தின் சுழல்தண்டுக்குப் பின்னால் இருக்கும் துளையில் இறுகிப் பொருந்தும்படி செய்திருந்தார். இரும்புத் தண்டில் திருகு மரை வெட்டும்போது முன்னோக்கிப் போவது மோட்டாரின் வேலை. பின்னோக்கித் திரும்பி வருவது அவருடைய கையின் வேலை. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மோட்டாரை நிறுத்துவார், கைப்பிடியைச் செருகுவார், சுற்றுவார், உருவி எடுத்து ஆணியில் மாட்டுவார்.

அன்று மதியம் அதை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்தார்.

“டுஃபியே, நான் சாப்பிட்டுட்டு வந்துடறேன். அந்த லீவரை மட்டும் யாரும் தூக்கிடாம பாத்துக்கோ. தூக்கினா அல்ஹாஜி இன்னும் ஒரு வாரம் இங்கதான் கிடக்கணும்.”

லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்த டிரைவர் இசாக்கு தலையை மட்டும் நீட்டினார். வெங்காய லாரி ஓட்டுகிறவர், வடக்கே பாவ்கு ஊர்க்காரர். மெக்காவுக்குப் போனதில்லை; ஆனாலும் பேட்டை முழுக்க அவருக்கு அல்ஹாஜி என்றுதான் பேர்.

“நீங்க நிம்மதியா சாப்பிடுங்க மாஸ்டர். லீவர் கிட்ட ஈ வந்தாலும் நான் அடிக்கறேன்.”

என் கணவர் சிரித்துக்கொண்டே தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனார். இடித்த கிழங்கு ஃபுஃபுவும் ஆட்டுக்கறிச் சாறும் கேட்டிருக்கிறார். சட்டி வருவதற்குள் சுவரில் தலை சாய்த்திருக்கிறார். களைப்பில் தூங்குகிறார் என்று கடைக்காரி நினைத்தாள். சாறு ஆறிப்போன பிறகுதான் தோளைத் தொட்டிருக்கிறாள். ரத்த அழுத்தம் என்றார் டாக்டர். அவருக்கு அது இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

இறுதிச் சடங்குக்காக அச்சடிக்கிற புத்தகத்தில் ‘மனைவியின் அஞ்சலி’ என்று எனக்கு ஒரு பக்கம் தந்தார்கள். அன்பான கணவர், பிள்ளைகள் மேல் உயிராக இருந்தவர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போனவர் என்று எழுதினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் லேத்தைப் பற்றிச் சொல்ல அங்கே இடம் இல்லை. இடம் இருந்திருந்தாலும் அங்கே சொல்லத் தோன்றியிருக்காது.

அந்த லேத் எங்களைவிட வயதானது. இங்கிலாந்திலிருந்து எப்போதோ கப்பலில் வந்தது. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக், சுழல்தண்டின் நுனியில் திருகி மாட்டுகிற வகை. குப்பிக்கு மூடி போட்ட மாதிரி. முன்னோக்கிச் சுற்றும்வரை பயமில்லை, வெட்டுகிற விசையே அதை இன்னும் இறுக்கும். பின்னோக்கி வேகமாகச் சுற்றினால் மூடி கழல்வது போலக் கழலப் பார்க்கும். ஒரு ஆள் தூக்கத் திணறுகிற இரும்பு அது. கழன்று பறந்தால் எதிரே நிற்பவன் கதி அவ்வளவுதான்.

பின்னோக்கிச் சுற்றாமலே இருக்க முடியாதா என்றால், எங்கள் பேட்டையில் முடியாது. லேத் அங்குலக் கணக்கில் செய்தது. வருகிற லாரிகளோ மில்லிமீட்டர் கணக்கு. வெட்டுகிற டூலை நீளத் திருகோடு பூட்டி நகர்த்த ஒரு லீவர் உண்டு. அங்குல மரை என்றால் லீவரைத் தூக்கி, டூலைக் கையால் பின்னுக்குத் தள்ளி, மறுபடி பூட்டிக்கொள்ளலாம். மில்லிமீட்டர் மரையில் ஒருமுறை தூக்கிவிட்டால், டூல் மறுபடி பழைய பள்ளத்தில் விழாது. பக்கத்தில் விழுந்து, அதுவரை வெட்டிய மரையைத் தின்றுவிடும். ஆகவே வேலை முடியும்வரை லீவர் பூட்டியே இருக்க வேண்டும். டூலைத் திரும்பக் கொண்டுவர லேத்தையே பின்னோக்கி ஓட்ட வேண்டும். அதற்குத்தான் லாரிக் கைப்பிடி. சுவிட்ச் ரிவர்ஸ் பக்கம் தவறிக்கூடப் போகாதபடி அவர் அதில் கம்பி சுற்றிக் கட்டி வைத்திருந்தார்.

அவர் போன அன்று சக்கில் இருந்தது அல்ஹாஜியின் டிரெய்லர் கொக்கி. லாரியையும் டிரெய்லரையும் இணைக்கிற கனத்த கொக்கி. அதன் தண்டு புதிது, அதற்கான பெரிய நட்டு பழையது. நட்டுக்கு ஏற்ற மரையை என் கணவர் பாதி ஆழம்வரை வெட்டியிருந்தார்.

ஒரு வாரத் துக்கக் கூட்டம் வந்தது. எங்களில் அடக்கம் அதற்கும் சில வாரம் கழித்துத்தான். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லோரும் கறுப்பும் சிவப்பும். எங்கள் வழக்கத்தில் ஆணின் உடைமை அவனுடைய தாய்வழிக் குடும்பத்துக்கு. அதாவது அக்கா தங்கை பிள்ளைகளுக்கு. குடும்பத் தலைவர் அஜாரே எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“வீடு டுஃபியேவுக்கும் பிள்ளைகளுக்கும். அதுல யாரும் கைவைக்கக் கூடாது. மிஷின் அவன் அக்கா மகன் அமோவாகோவுக்கு. தொழில் தெரிஞ்ச பிள்ளை. அடக்கம் முடிஞ்சதும் அவன் வேலை பாக்கற டெமாவுக்கு எடுத்துட்டுப் போவான்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். சட்டம் என் பக்கம் இருக்கிறது, கோர்ட்டுக்குப் போ என்று பாஃபோவின் மனைவி என் காதில் சொன்னாள். எனக்கும் தெரியும். ஆனால் கோர்ட்டில் ஜெயித்த பிறகு இதே ஆட்களோடுதான் கல்யாணத்துக்கும் சாவுக்கும் உட்கார வேண்டும். பேசாமல் இருந்துவிட்டேன்.

பேசாமல் இருந்தேனே தவிர, மனதுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: லேத் அந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது. பட்டறை வாசலில் தட்டு வைத்து நட்டு, போல்ட், வாஷர் விற்கிறவள் நான். லேத்துக்கு வருகிறவர்கள் என்னிடம் வாங்கிப் போவார்கள். லேத் போய்விட்டால் அந்தத் தெருவில் இருக்கிற நூறு தட்டுகளில் என்னுடையதும் ஒன்று. இது வெளியே சொல்லக்கூடிய காரணம். இன்னொன்றும் இருந்தது. பதினேழு வருடமாக அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அமோவாகோ அளவு நாடாவோடு பட்டறைக்கு வந்தான், லாரியில் ஏற்ற எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்க்க. நான் சாவியோடு போனேன். முப்பது வயது இருக்கும். நல்ல கைவேலைக்காரன், கொஞ்சம் வாய் நீளம். சின்ன வயதிலிருந்தே என்னை ‘பொண்டாட்டி’ என்றுதான் கூப்பிடுவான். எங்களில் மாமன் மனைவியை மருமகன் அப்படிக் கூப்பிடுவது வழக்கமான கேலி. “என் பொண்டாட்டிக்குச் சோறு போட்டீங்களா மாமா?” என்று கேட்டு என் கணவரிடம் தலையில் குட்டு வாங்குவான். இப்போது அந்தக் கேலியைச் சொல்லவும் முடியாமல், வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியாமல், என்னை எதுவுமே சொல்லி அழைக்காமல் பேசினான்.

“நாடாவை அந்தப் பக்கம் புடிங்க,” என்றான்.

அதற்குள் அல்ஹாஜி எழுந்து வந்துவிட்டார்.

“தம்பி, மிஷினைத் தாராளமா தூக்கிட்டுப் போ. ஆனா அது வாயில என் கொக்கி இருக்கு. அதையும் டெமாவுக்குக் கொண்டு போவியா? பின்னாடியே டிரெய்லரை நான் முதுகுல இழுத்துட்டு வரணுமா?”

“கழட்டித் தரேன். வேற எங்கயாவது குடுத்து மரை போட்டுக்கோங்க.”

“பாதி மரையில எவன் கை வைப்பான்? வல்லாஹி, தெரு முழுக்கக் கேட்டாச்சு. செத்தவர் வேலையத் தொட மாட்டேங்கறான் ஒருத்தன். புதுசா பண்ணுன்றான் இன்னொருத்தன்.”

அமோவாகோ குனிந்து மரையைப் பார்த்தான். விரல் நகத்தால் பள்ளத்தைத் தடவினான். அவன் முகம் கொஞ்சம் இளகியது.

“மாமா கை சுத்தம்,” என்றான். பிறகு, “சரி, முடிச்சுடுவோம். ஒரு மணி நேர வேலை.”

சுவிட்சில் சுற்றியிருந்த கம்பியைப் பிரிக்கத் தொடங்கினான்.

“அத அவர்தான் கட்டினாரு,” என்றேன்.

“தெரியும்.”

“ரிவர்ஸ்ல போட்டா சக் கழண்டுடும்பாரு. இந்தக் கைப்பிடியாலதான் சுத்துவாரு.”

“மாமா ரொம்ப ஜாக்கிரதைக்காரரு. நானும் பத்து வருஷமா ரிவர்ஸ்லதான் ஓட்டறேன், எனக்கு ஒண்ணும் ஆகல.”

அவன் ஓட்டியதெல்லாம் டெமாவில் இருக்கிற புது லேத்துகள். அவற்றில் சக்கைத் திருகுவதில்லை, போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். முன்னே ஓடினால் என்ன, பின்னே ஓடினால் என்ன, அங்கே ஒன்றும் ஆகாது. இது எனக்கு அன்று தெரியாது. அவனுக்குத் தெரியும், ஆனால் கைக்குப் பழக்கம்தான் தெரியும்.

முதல் வெட்டு நன்றாக வந்தது. டூலை வெளியே இழுத்தான், மோட்டாரை நிறுத்தினான், முழுதாக நிற்கும்வரை காத்திருந்து மெதுவாக ரிவர்ஸ் போட்டான். டூல் ஒழுங்காகத் திரும்பி வந்தது. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். இரண்டாவது வெட்டும் அப்படியே. “பாத்தீங்களா?” என்றான். பாஃபோ வெல்டிங் முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பார்க்க ஆள் வந்ததும் அமோவாகோவின் கை இன்னும் வேகமானது. மூன்றாவது வெட்டு முடிந்ததும் டூலை இழுத்த கையோடு, மிஷின் நிற்பதற்குள் சுவிட்சை ஒரே தள்ளாக ரிவர்ஸுக்குத் தள்ளினான்.

சுழல்தண்டு பின்னோக்கித் திரும்பியது. சக் மட்டும் தன் வேகத்தில் முன்னோக்கியே போனது. ‘டொக்’ என்று ஒரு சத்தம். சக் சுழல்தண்டிலிருந்து கழன்றபடி முன்னால் நகர்ந்து, கொக்கித் தண்டை எதிர்முனையில் தாங்கிப் பிடித்திருந்த கூம்பின் மேல் நெட்டித் தள்ளியது. கீச்சென்று காது கூசியது. பெல்ட் வழுக்கிப் புகைந்தது. அமோவாகோ சுவிட்சைத் தட்டிவிட்டுப் பின்னால் தாவியதில் என் நட்டுத் தட்டில் போய் விழுந்தான்.

எல்லாம் நின்ற பிறகு பார்த்தால், சக் இரண்டு சுற்று மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்முனைக் கூம்பு மட்டும் தாங்கியிராவிட்டால் அது தரைக்கு வந்திருக்கும், அல்லது அவன் காலுக்கு.

“அல்லாவே!” என்று ஓடிவந்தார் அல்ஹாஜி. “தம்பி உயிரோட இருக்கியா? இருக்கியா? சரி. என் கொக்கி எப்படி இருக்கு?”

எதற்கும் கேலி பேசுகிற பாஃபோ முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அமோவாகோ எழுந்து, கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்னில் உட்கார்ந்தான். சட்டையில் ஒட்டிய வாஷர்களைத் தட்டிவிட்டான். தன் கைகளையே பார்த்தபடி சொன்னான்:

“போச்சு. இனிமே டூல் பழைய பள்ளத்துல விழாது. கெடுத்துட்டேன்.”

நான் லேத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். மரையில் கீறல் இல்லை. டூல் வெளியேதான் இருந்தது. எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. தெரிந்த ஒன்றைக் கேட்டேன்.

“லீவரை நீ தூக்கலதானே?”

“இல்ல. பூட்டித்தான் இருக்கு.”

சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு எழுந்து வந்து சக்குக்கும் சுழல்தண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தான்.

“லீவர் பூட்டியிருக்கு. சுழல்தண்டுக்கும் நீளத் திருகுக்கும் நடுவுல எதுவும் கழலல. கொக்கியும் சக் வாயில அசையாமதான் இருக்கு. கழண்டது சக் ஒண்ணுதான்.” அவன் தனக்குத்தானே பேசினான். “இந்தச் சக் திருகிக்கிட்டே போய் எங்க முட்டும்? இதோ, சுழல்தண்டோட இந்தத் தோள் விளிம்புல. நூறு தடவை கழட்டி மாட்டினாலும் இதே தோள்ல, இதே இடத்துலதான் முட்டி நிக்கும்.”

“அப்படின்னா?” என்றார் அல்ஹாஜி.

“அப்படின்னா அது பழைய இடத்துக்கே வந்துடும். வரணும்.”

கூம்பைத் தளர்த்தினோம். அவனும் பாஃபோவும் சக்கைத் தாங்கிப் பிடிக்க, கையாலேயே மெதுவாகத் திருகி உள்ளே ஏற்றினார்கள். முட்டியதும் அமோவாகோ ஒரு மரக்கட்டையை வைத்துச் சக்கின் தாடையில் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு கூம்பை மறுபடி இறுக்கிவிட்டு ஆணியைப் பார்த்தான். நான் கைப்பிடியை எடுத்துக்கொண்டு போய்ப் பின் துளையில் செருகினேன்.

“நீங்களா சுத்தப் போறீங்க?”

“நீ டூலைப் பாரு.”

“துக்கத் துணியில எண்ணெய் படும்.”

“கறுப்புத் துணியில எண்ணெய் எங்க தெரியும்?”

முதலில் பின்னோக்கிச் சுற்றி, டூல் மரையின் தொடக்கத்தைத் தாண்டி வந்ததும் முன்னோக்கிச் சுற்றினேன். அமோவாகோ டூலைப் பள்ளத்தைத் தொடும் அளவுக்கு உள்ளே நகர்த்தினான். “மெதுவா. இன்னும் மெதுவா. நிறுத்துங்க.” குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“ஒரு மயிரிழை தள்ளி இருக்கு,” என்றான்.

அல்ஹாஜி பாயில் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கைப்பிடியை விட மனம் வரவில்லை. மயிரிழை என்றதும், என் கணவர் சக்கை மாட்டும்போதெல்லாம் செய்கிற ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. மாட்டுவதற்கு முன் சக்கின் உள்மரைக்குள் ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை விட்டுச் சுற்றுவார், பிறகு தோளை உள்ளங்கையால் துடைப்பார். பிரஷ் வழக்கம்போல எண்ணெய்க் கிண்ணத்தில் கிடந்தது.

“அதைக் கழட்டித் துடைச்சுட்டு மாட்டுவோம்,” என்றேன்.

மறுபடி கழற்றினோம். தோளின் ஓரத்தில், ஈரத்தில் ஒட்டிய முடி மாதிரி, ஒரு இரும்புச் சுருள். சக் நகர்ந்தபோது உள்ளே புகுந்திருக்க வேண்டும். அமோவாகோ அதை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். துடைத்தோம், ஏற்றினோம், கட்டையால் தட்டினோம். நான் சுற்றினேன். அவன் டூலை உள்ளே நகர்த்தினான்.

“நிறுத்துங்க.”

நிறுத்தினேன்.

“விழுந்துடுச்சு,” என்றான். “நடு மத்தியில விழுந்துடுச்சு. வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். டூலின் முனை என் கணவர் வெட்டிய பள்ளத்தின் அடியில், இரண்டு பக்கமும் தொடாமல் நின்றது. அவர் செத்த அன்றுகூட எனக்கு அழுகை இப்படி வரவில்லை. கறுப்புத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பிடிக்குத் திரும்பிப் போனேன்.

மீதி மரையை அப்படியேதான் முடித்தோம். முன்னோக்கி மோட்டார், பின்னோக்கி நான். அவன் “போதும்” என்பதற்கு முன்பே எங்கே நிறுத்த வேண்டும் என்று என் கைக்குப் பிடிபட்டுவிட்டது. அத்தனை வருடம் கேட்ட சத்தம். டூல் மரையைத் தாண்டியதும் பல்சக்கரங்களின் ஓசை கொஞ்சம் லேசாகும். கடைசியில் அல்ஹாஜி தன் பழைய நட்டைக் கொண்டுவந்தார். அமோவாகோ அதை நுனியில் வைத்து உள்ளங்கையால் ஒரு சுழற்றுச் சுழற்றினான். அது தானாகவே ஓடி அடிவரை போய் நின்றது.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று அல்ஹாஜி அவனைக் கட்டிப்பிடித்தார். “இதுக்கப்புறம் நான் மெக்காவுக்கே போயிடுவேன்.”

“பாத்தீங்களா, என் பொண்டாட்டிக்குக் கை பலம்!” என்றான் அமோவாகோ, மறந்துபோய். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். பாஃபோ தரையைப் பார்த்தார். நான்தான் முதலில் சிரித்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடக்கம் முடிந்த மறு வாரம் குடும்பம் மறுபடி கூடியது. அஜாரே கேட்டார்:

“மிஷின் ஏத்த லாரி எப்ப வருது?”

“லாரி வரல பெரியவரே,” என்றான் அமோவாகோ.

“ஏன், டெமாவுக்கு வழி மறந்துடுச்சா?”

“இந்த மிஷினுக்கு ரெண்டு ஆள் வேணும். ஒரு ஆள் இங்கதான் இருக்காங்க.”

“டெமாவுல ஆளுக்கா பஞ்சம்?”

“ஆளு இருக்கு. நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தற கை இல்ல.” பிறகு சற்றுத் துணிந்து சொன்னான்: “மிஷின் எனக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப அது எங்க நிக்கணும்னு நான் சொல்லலாம்தானே? அது மேகசின்லயே நிக்கட்டும். டெமாவை விட்டுட்டு நான் இங்க வந்துடறேன். வர்ற காசுல சுத்தற கைக்கும் பாதி.”

அஜாரே என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கைம்பொண்ணு இரும்பு சுத்தறதா? ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் லாரி எல்லாம் நம்ம கிட்டதான வருது பெரியவரே,” என்றேன். “சொல்ல வேண்டியதை அங்க வந்தே சொல்லட்டும்.”

அவர் கிளாஸை நீட்டி ஊற்றச் சொன்னார். எங்களில் அது சம்மதம்.

அமோவாகோ வந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. சக்கின் பின்தட்டில் ஒரு காடி வெட்டி, தண்டோடு சேர்த்து இறுக்குகிற இரண்டு கவ்விகளைச் செய்து மாட்டியிருக்கிறான். சின்ன வேலைகளுக்கு இப்போது தைரியமாக ரிவர்ஸ் போடுகிறான், அதுவும் மிஷின் முழுதாக நின்ற பிறகுதான். பெரிய மரை என்றால் என்னைத்தான் கூப்பிடுவான். கறுப்பு உடுத்தும் வருடம் முடிந்து நான் நீலத்துக்கு மாறிவிட்டேன். எண்ணெய்க் கறை இப்போது நன்றாகவே தெரிகிறது. வாசலில் என் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது தட்டும் வைத்திருக்கிறேன். கூரைத் தகரம் புதிது, மோட்டார் பெல்ட் புதிது. தரைக்கும் சிமெண்ட் போட்டு மட்டம் பண்ணிவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் சொல்கிறான். வேலை வந்து குறுக்கே நிற்கிறது.

அதனால் தரை, என் கணவர் நின்ற நாளில் இருந்தது போலவே, இன்னும் சாலைப் பக்கம் சரிந்திருக்கிறது. கையிலிருந்து எந்த நட்டு நழுவினாலும் உருண்டு போய், கதவின் இடது நிலைக்குக் கீழேதான் கிடக்கும்.